சுப்பையாவின் காலும் என் கையெழுத்தும்

சிறையின் பார்வையாளர் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சுப்பையா ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி, "படிச்சுப் பாருங்கக்கா" என்றார்.

மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். புதுக் கால் கேட்ட அவர் மனுவோடு திரும்பி வந்த நகல். முன்னாள் படைவீரர்களுக்கான நல அலுவலகத்தின் வீட்டு வருகை அறிக்கை. மலாய் மொழியில் மூன்றே வரி. வீட்டில் மனைவி இருந்தார். படைவீரர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். உதவி தேவையில்லை, கோப்பை மூடலாம்.

கீழே ஒரு கையெழுத்து. என்னுடையது.

மாதாவே! அந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ கழுத்து வேர்த்துக் கொட்டியது.

"யாருக்கா இத எழுதுனது? மூணு வருசத்துக்கு மேல நான் இங்கதான் இருக்கேன். சிங்கப்பூர நான் டிவியிலதான் பாத்திருக்கேன் லா."

"தெரியலப்பா" என்றேன். "விசாரிச்சுச் சொல்றேன்."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இடது காலின் கால்சட்டையை முட்டிவரை சுருட்டினார்.

முட்டிக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத்தான் அவருடைய சொந்தக் கால். மற்றது பழைய செயற்கைக் கால். இரண்டும் சேரும் இடத்தில் பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தார். அதை விலக்கிக் காட்டினார். நான் பார்த்ததை இங்கே விவரிக்கப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களாக இருக்கலாம்.

"எலும்பு வரைக்கும் போயிருச்சாம். டாக்டர் சொல்லிட்டாரு. இந்தக் கால கழட்டி வச்சாத்தான் புண்ணு ஆறும். இன்னும் ஒரு மாசம் இப்படியே போட்டுக்கிட்டு திரிஞ்சா முட்டிக்கு மேல வெட்டணும்னு."

"அப்புறம் ஏன்யா கழட்டாம இருக்கீங்க?" கோபம் வந்துவிட்டது எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ரெண்டு கையிலயும் கக்கத்துக் கட்டையப் புடிச்சா சாப்பாட்டுத் தட்ட யாருக்கா தூக்குறது? ஒரு நாள் தூக்குவானுங்க. ரெண்டு நாள் தூக்குவானுங்க. புதுக் காலு வருதுன்னு தெரிஞ்சா கழட்டிப்புட்டு சிக்ரூம்ல படுத்துக்குவேன். வராத காலுக்கு எத்தன நாளு படுக்குறது?"

செயற்கைக் கால் செய்யும் நிபுணர்கள் அடுத்த மாதம் ஈப்போவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் காட்ட வேண்டியவர்களின் பட்டியல் இந்த வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது. அதை விட்டால் ஆறேழு மாதம். நான் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது செவ்வாய்க்கிழமை.

நான் யார், அங்கே எனக்கு என்ன வேலை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் இராணுவத்தில் சண்டை போட்டவள் இல்லை. ஈப்போவில் ஒரு முகாம் அலுவலகத்தில் முப்பது வருடம் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. லீவு பாஸ், சம்பள உயர்வு, மருத்துவக் கடிதம் என்று வருவதும் போவதும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ரோசி அக்கா என்றால் அந்த முகாமில் தெரியாதவர் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நல அலுவலகத்துக்குத் தொண்டராகச் சேர்ந்தேன். முன்னாள் வீரர்களின் வீடுகளுக்குப் போய் நிலைமையை எழுதிக் கொடுப்பது ஒரு வேலை. சிறையில் இருக்கிற முன்னாள் வீரர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது இன்னொன்று. இது எனக்கு நானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

சிறைக்குப் போனால் சட்டை மாறுமே தவிர, நாட்டுக்கு உழைத்த வருடங்கள் அழியாது. மருந்து, மூக்குக்கண்ணாடி, காது மெஷின், செயற்கைக் கால் எதுவானாலும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உள்ளே இருக்கிறவனுக்குப் படைவீரர் அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தபால் யார் போடுவது? கவுண்டரில் யார் போய் நிற்பது? அதற்குத்தான் என்னை மாதிரி ஓர் ஓயாத வாய் வேண்டும்.

மாதா கோவில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் ஓர் அம்மா ஒரு நாள் கேட்டார். "அடுத்தவன அடிச்சுப்புட்டு உள்ள இருக்கான். அவனுக்குப் போய் எதுக்கு ரோசி இந்த அலைச்சல்?"

சுப்பையாவும் அடித்தவர்தான். நான் மறைக்கவில்லை. இராணுவத்தை விட்டு வந்து ஈப்போவில் பாதுகாவலர் வேலை பார்த்தார். குடித்துவிட்டு ஒரு சண்டையில் இரும்புக் குழாயால் ஒருவரை அடித்தார். அடிபட்டவருக்கு ஒரு கண் போய்விட்டது. அந்த மனிதரும் அவர் குடும்பமும் பட்டதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அதற்குத்தான் தண்டனை. ஆனால் காலை வெட்டச் சொல்லித் தீர்ப்பில் எழுதவில்லையே. பாடகர் குழு அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு என்னோடு பேசவில்லை.

இறால் பெட்டி

அந்த மூன்று வரியை நான் எழுதிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறக்க முடிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று காலை நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் ஹுத்தான் மெலிந்தாங் போயிருந்தோம். படகிலிருந்து இறக்கின கையோடு இறால் வாங்கினோம். மறுநாள் மகனுக்குப் பிறந்தநாள். ஐஸ் பெட்டியைக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பும்போது, செமோரில் ஒரே ஒரு வீடு பார்க்க வேண்டியது பாக்கி இருந்தது.

பழைய ரப்பர் தோட்டம் விற்கப்பட்ட பிறகு அங்கிருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய மலிவு வீடுகள். வரிசையாக ஒரே மாதிரி. வெயில் என்றால் வெயில், மண்டையைப் பிளந்தது. கதவைத் தட்டினேன். ஒரு பெண் வந்தார். அவர்தான் சுப்பையாவின் மனைவி லெட்சுமி.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்லக்கா. சிங்கப்பூர்ல வேல."

"எப்ப வருவாரு?"

"தெரியலக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் செருப்பைப் பார்த்துச் சொன்னார். அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். தெருமுனையில் அந்தோணி ஹாரன் அடித்தார். ஐஸ் உருகுகிறதாம். காரின் பானெட் மேலேயே தாளை வைத்து மூன்று வரி எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

இறால் நன்றாகத்தான் இருந்தது. சம்பல் வைத்தேன். எல்லோரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள்.

எங்கள் தோட்டத்துச் சிங்கப்பூர்

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் தோட்டத்தில் பிறந்தவள்.

என் சித்தப்பா சம்சு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சி விற்றுப் பிடிபட்டார். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, "எங்கே அவன்?" என்று கங்காணி கேட்டதற்கு என் அம்மா நிமிர்ந்து நின்று, "சிங்கப்பூர் போயிட்டாரு" என்றார். கங்காணி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவருக்கும் தெரியும். எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. அது ஒரு மரியாதை.

எங்கள் லயத்தில் அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போன ஆண்களில் பாதிப் பேர் எல்லைப் பாலத்தைத் தாண்டவே இல்லை. பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கிறவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு சிங்கப்பூர் என்று சொன்னதும், வெள்ளைக்காரத் துரை மாதிரி அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். வேறு யார் எழுதியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஞாயித்துக்கெழம முடியட்டும்க்கா"

சிறையிலிருந்து நேராக நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். மூடிய கோப்பைத் திறக்க இரண்டு கடிதம் வேண்டும் என்றார். ஒன்று, அறிக்கை எழுதியவர் அது தவறு என்று எழுதித் தர வேண்டும். இன்னொன்று, அன்று கொடுத்த தகவல் சரியில்லை, அவர் சிறையில் இருக்கிறார் என்று குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பக் கடிதத்தில் குடியிருப்புத் தலைவர் படித்துப் பார்த்துச் சாப்பு வைக்க வேண்டும். முத்திரைக்கு எங்கள் ஊரில் சாப்பு என்றுதான் பெயர்.

என் கடிதத்தை நான் எழுதிவிடலாம். அசிங்கம்தான், ஆனால் முடியும். மற்றதற்கு அன்று மாலையே அந்தோணியைக் கிளப்பிக்கொண்டு செமோருக்குப் போனேன்.

லெட்சுமி என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார். கூடத்தில் இடமே இல்லை. வெற்றிலைத் தட்டுகள், ஜிகினாத்தாள், அடுக்கி வைத்த நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை மகள் கவிதாவுக்குப் பரிசம், நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளைக்குக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

விஷயத்தைச் சொன்னேன். காலைப் பற்றிச் சொன்னபோது லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறவர்தான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காலுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லி வந்திருக்கிறார் அந்த மனிதர்.

"எங்கக்கா கையெழுத்து போடணும்? குடுங்க" என்றார் லெட்சுமி.

"தலைவர் படிச்சுட்டு சாப்பு வைக்கணும்மா."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"தலைவரா? அவருதான்க்கா இந்த சம்பந்தத்தக் கொண்டாந்தவரு. மாப்பிள வீட்டுக்கு அவரு சொந்தம். அவங்ககிட்ட நாங்க சிங்கப்பூர்னுதான்…"

சமையற்கட்டில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"திங்கக்கெழம போடுறேன்க்கா. சத்தியமா. ஞாயித்துக்கெழம ஒண்ணு முடியட்டும்க்கா."

"வெள்ளிக்கெழம மூடிருவாங்க லெட்சுமி."

"ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பாருங்களேன்க்கா. நீங்க கேட்டா குடுப்பாங்க லா."

கேட்டுப் பார்க்காமல் இருந்திருப்பேனா? மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அங்கே போயிருந்தேன். நிபுணர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், பட்டியல் அவர்களுக்குப் போய்விடும், அலுவலகத்தின் கையில் ஒன்றுமில்லை.

லெட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு பக்கம் புருஷனின் கால், ஒரு பக்கம் பெற்ற பிள்ளையின் வாழ்க்கை. இந்த இரண்டையும் ஒரு பெண்ணின் மடியில் கொண்டுபோய்ப் போட்டது நான். இதை நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுகூடச் சொல்லவில்லை. மைலோவை மட்டும் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தோணியிடம் கொட்டித் தீர்த்தேன். "தொண்டர் பட்டியல்லேருந்து ஒன் பேர எடுத்துட்டா என்னா செய்வ? வயசான காலத்துல ஒனக்கு இது தேவையா?" என்றார். ஆனால் இரண்டு மணி நேரம் நான் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து முடிக்கும்வரை அவர் டிவியைப் போடவில்லை. கடைசியில் நான் எழுதிய கடிதம் ஐந்து வரி. 'நான் சரியாக விசாரிக்கவில்லை' என்பது அதில் மூன்றாவது வரி.

மேசை மேல் ஒரு போன்

புதன்கிழமை முழுக்க என் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். கடன் வேண்டுமா என்று ஒருத்தி, கரண்ட் கட் என்று ஒரு செய்தி. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் புது எண்ணிலிருந்து வந்தது.

"நான் கவிதா பேசுறேன் ஆண்ட்டி. கொஞ்சம் வீட்டுக்கு வாரீங்களா? அம்மா சொன்னாங்க."

போனேன். கவிதா வேலையிலிருந்து வந்த உடையோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். அப்பாவின் தாடை அப்படியே. எதிரில் லெட்சுமி. மேசை நடுவில் கவிதாவின் போன்.

"லெட்டர்ல நான் சைன் பண்ணலாமா ஆண்ட்டி? மகள் போட்டா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்கம்மா. ஆனா தலைவரு…"

"தெரியும். அவரு படிச்சு அவங்ககிட்ட சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடறேன்."

"வேணாம் கவிதா" என்றார் லெட்சுமி. "நல்ல எடம்டி. யோசி."

"நேத்து ராத்திரி பூரா யோசிச்சீங்களே, என்னாம்மா கெடச்சுச்சு?"

அந்தப் பையனுக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டாள். குரல் நடுங்கவில்லை. அப்பா சிங்கப்பூரில் இல்லை, சிறையில் இருக்கிறார், எதற்காக இருக்கிறார், எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கண் போன மனிதரைப் பற்றியும் சொன்னாள். நாமாக இருந்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் பூசி மெழுகியிருப்போம்.

அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான்.

"அம்மாகிட்ட பேசிட்டுக் கூப்பிடுறாராம்" என்று கவிதா போனை மேசை மேல் வைத்தாள்.

மூன்று பெண்களும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் லெட்சுமி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். எட்டு மணிவரை இருந்தேன். போன் அடிக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "அந்த சிங்கப்பூர எழுதுனது நான்தாம்மா. ஒங்கம்மா சொன்னாங்க, நான் யோசிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான்."

கவிதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க சைன் பண்ணணும் ஆண்ட்டி?" என்றாள்.

வாசல்வரை வந்தவள், "அப்பாகிட்ட இந்தப் பரிசம் விஷயம் மட்டும் சொல்லிடாதீங்க. நல்லபடியா நடக்குதுன்னே இருக்கட்டும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டாள்.

சாப்பு

வியாழன் காலை ஏழரைக்கெல்லாம் நானும் கவிதாவும் தலைவர் வீட்டில் நின்றோம். கடிதத்தைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் மாமா" என்றாள் கவிதா.

அவர் இழுப்பறையைத் திறந்து சாப்பை எடுத்தார். மை காய்ந்துபோயிருந்தது. வாயால் ஊதி, நாலைந்து தடவை மைப்பெட்டியில் குத்தி, கடைசியில் வைத்தார். பாதி வட்டம்தான் விழுந்தது. "இன்னொரு தடவ வைங்க ஐயா, தயவுசெஞ்சு" என்றேன். முப்பது வருடம் கிராணியாக இருந்தவள், பாதி வட்டத்தை எந்தக் கவுண்டரிலும் ஏற்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை முழுதாக விழுந்தது.

மத்தியானம் சிறைக்குப் போனேன். பாரத்தில் சுப்பையாவின் கையெழுத்து வேண்டும். காவலர் ஒருவர் தாளை உள்ளே வாங்கிப் போய்க் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ரிசீவரை எடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சுப்பையா, அந்த மூணு வரிய எழுதுனது நான்தான்."

"தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"கண்ணாடியில வச்சேன்ல, அதுக்கு முந்தியே தெரியும். முகாம்ல எனக்கு எத்தன லீவு பாஸ் எழுதிக் குடுத்திருக்கீங்க! அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கிரிக் காட்டுல கண்ணிவெடியில காலு போயி, அப்புறம் ஸ்டோர்ல ஒக்கார வச்சாங்களே, அந்தப் பையன்தான்க்கா நானு. ஒங்களுக்குத்தான் ஞாபகம் இல்ல."

எனக்கு ஞாபகம் இல்லைதான். ஆயிரம் முகங்களில் ஒன்று. வெட்கத்தில் கண்ணாடியைப் பார்க்க முடியாமல் என் கைப்பையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சும் ஏன்யா அன்னிக்கே கேக்கல? நாலு வார்த்த திட்டியிருக்கலாம்ல?"

"திட்டி, நீங்க எழுந்து போயிட்டா? அப்புறம் என் பாரத்த யாருக்கா எழுதுறது?"

கேலியாகச் சொல்லவில்லை. கணக்காக, நிதானமாகச் சொன்னார். இரண்டு நாளாக எனக்கு இருந்த பயத்தைவிடப் பெரிய பயத்தோடு அவர் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அழுதேன். எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அழுதேன்.

நான் கிளம்ப எழும்போது அவர் கேட்டார். "ஞாயித்துக்கெழம என் பொண்ணுக்குப் பரிசம்க்கா. தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "தட்டெல்லாம் அடுக்கிட்டாங்க."

பன்னிரண்டே கால்

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக நல அலுவலகக் கவுண்டர் பன்னிரண்டே காலுக்கு மூடிவிடும், பட்டியலும் அதோடு சரி. பதினோரு மணிக்கே போய் எண் வாங்கி உட்கார்ந்துவிட்டேன். உறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் கடிதம், கவிதாவின் கடிதம், பாரம், டாக்டர் அறிக்கை, சுப்பையாவின் ஐ.சி., அதாவது அடையாள அட்டை நகல். கவிதாவின் ஐ.சி. நகல்?

இல்லை.

கடிதம் எழுதியவரின் நகல் இல்லாமல் அந்தக் கடிதத்துக்கு மதிப்பே கிடையாது. எத்தனை பேரை இதற்காக என் மேசையிலிருந்து நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்! கவிதாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நேரம். இன்னொரு தடவை போட்டேன். எடுக்கவில்லை. அந்தோணி என் கையைப் பிடித்து, "ஒக்காரு ரோசி, மயக்கம் வந்துரும்" என்றார். உட்கார முடியவில்லை. சுவரில் இருந்த எண்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தன.

பதினொன்று ஐம்பதுக்குக் கவிதா கூப்பிட்டாள். கழிவறையில் ஒளிந்துகொண்டு பேசுகிறாளாம். ஐ.சி.யைப் படமெடுத்து அனுப்பினாள். அந்தோணி என் போனைப் பிடுங்கிக்கொண்டு, எதிரே இருந்த நகல் கடைக்கு ஓடினார். அவருக்கு முட்டி வலி. கல்யாணத்தன்றுகூட இப்படி அவசரப்பட்டதில்லை அந்த மனிதர்.

அவர் திரும்பும்போது பன்னிரண்டு ஐந்து. எங்கள் எண் வந்தது பன்னிரண்டு பத்துக்கு. அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். என் கடிதத்தில் நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். பெற்றுக்கொண்டதற்குச் சாப்பு வைத்தார்.

அன்று மாலையே சிறையின் நல அதிகாரி போனில் கூப்பிட்டுச் சொன்னார். பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் சுப்பையா பழைய காலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாராம்.

சனிக்கிழமை தலைவருக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

நல அலுவலகம் வீட்டு வருகைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டது. சரிதான். நானே அதிகாரியாக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கவிதா வந்த நாள்

புண் ஆறி, அளவெடுத்து, கால் வந்து சேர நாலைந்து மாதம் ஆனது. வெட்ட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான் கோவிலில் ஆறு மெழுகுவத்தி ஏற்றினேன்.

கவிதா தானும் சிறைக்கு வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று அப்பா சொல்லி வைத்திருந்ததால், இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. காரில் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். அப்பாவிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. லெட்சுமி இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

சுப்பையா நடந்து வந்தார். மகளைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, கண்ணாடிக்கு முன்னால் இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்து காட்டினார். நொண்டல் கொஞ்சம்தான். காவலர்கூடச் சிரித்துவிட்டார்.

கவிதா ரிசீவரை எடுத்து, எனக்கும் கேட்கும்படி நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்க? கல்யாணத்துக்குத் தேதி வச்சாச்சா? ஒங்கம்மா கேட்டா மழுப்புறா."

"பரிசமே நடக்கலப்பா."

"ஏம்மா?"

"நீங்க இங்க இருக்கீங்கன்னு நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். காலுக்கு லெட்டர் குடுக்கணும். வேற வழி இல்லப்பா."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எழுந்துவிட்டார். ரிசீவர் கம்பி எட்டுகிற அளவுக்கு எழுந்து, இன்னொரு கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

"காலு போனா போயிருக்கட்டும்மா. வெட்டியிருக்கட்டும். ஏன்மா சொன்ன?"

கவிதா ரிசீவரை மாற்றிப் பிடித்தாள்.

"மொதல்ல ஒக்காருங்கப்பா" என்றாள். "புதுக் காலு. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது."